ஏழு சீட்டு எழுதினான், ஒருத்தரும் போகவில்லை

முருகன் துணை.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். படிச்சிட்டு சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க. கோயில்ல செருப்பு அடுக்கறதுல இருந்து அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவற வரைக்கும் செய்யற நாங்க, ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பையும் பார்த்துக்கறோம். அதனால உங்க பிள்ளைங்க முகம் எங்களுக்குத் தெரியும். அந்த உரிமையில எழுதறோம்.

போன பள்ளி விடுமுறைக்கு முந்தின ஞாயிறு, வகுப்புல ஒரு பையன், பத்து வயசு, நோட்டுப் புத்தகத் தாளைக் கிழிச்சு ஏழு சீட்டு எழுதிக்கிட்டு வந்தான். "சனிக்கிழமை 3 மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. கேரம் விளையாடலாம். அம்மா மீகூன் பெரட்டித் தருவாங்க." கீழே வீட்டு முகவரி, அம்மாவோட போன் நம்பர். ஏழு பேருக்குக் கொடுத்தான்.

ஒருத்தரும் போகவில்லை.

அன்னிக்குச் சாயங்காலப் பூசைக்கு அந்தத் தாய் ஒரு பெரிய டப்பாவோட கோயிலுக்கு வந்தாங்க. "மீந்து போச்சு, எல்லாருக்கும் கொடுங்க"ன்னு சொன்னாங்க. மீந்து போகவில்லை, யாரும் தொடவே இல்லைன்னு டப்பாவைத் திறந்ததும் தெரிஞ்சது. நாங்கதான் சாப்பிட்டோம். பையன் அன்னிக்கு உள்ளே வரல. மோட்டார் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தான்.

அந்த ஏழு பிள்ளைங்கள்ல ரெண்டு எங்க தொண்டர் வீட்டுப் பிள்ளைங்க. அதையும் மறைக்காம சொல்லிடறோம். இது மத்தவங்களைக் குத்தறதுக்கு மட்டும் எழுதற பதிவு இல்லை.

மறுவாரம் கார் நிறுத்தற இடத்துல பெற்றோர்கள்கிட்ட பேச்சுக் கொடுத்தோம். ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொன்னாங்க. அந்தக் காரணங்களை ஒன்னொன்னா எடுத்துப் பார்ப்போம்.

முதல் காரணம்: "காலம் கெட்டுக் கிடக்கு. யாரை நம்பி அனுப்பறது?"

பயம் பொய்னு நாங்க சொல்லல. நாங்களும் பிள்ளை பெத்தவங்கதான். ஆனா ஒரு கேள்வி. வாரத்துக்கு மூணு நாள் டியூஷனுக்கு அனுப்பறீங்களே, அந்த வீட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? தினமும் ரெண்டு தடவை வேன்ல ஏத்தி விடறீங்களே, அந்த அங்கிள் வீடு எங்கன்னு தெரியுமா? அங்கெல்லாம் வராத பயம், கூடப் படிக்கிற பிள்ளை வீட்ல ரெண்டு மணி நேரம் கேரம் விளையாட அனுப்பறப்போ மட்டும் எங்கிருந்து வருது?

இன்னொன்னு. பிள்ளைங்களுக்குக் கெடுதல் செய்யறவங்க பெரும்பாலும் முன்னபின்ன தெரியாத ஆள் இல்லை. பிள்ளைக்கு நல்லாத் தெரிஞ்சவங்கதான். சொந்தக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். கோயில்ல தொண்டு செய்யறவராகவும் இருக்கலாம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம். அப்படின்னா "சொந்தக்காரங்க வீட்டுக்கு மட்டும்தான் அனுப்புவோம்"ங்கிறது பாதுகாப்பு ஆகாது. பிள்ளைக்கு வாய் இருக்கணும். "வேணாம், எனக்குப் பிடிக்கல, அம்மாகிட்ட சொல்லுவேன்"னு சொல்லத் தெரியணும். நாலு வீடு போய் நாலு பெரியவங்களோட பேசிப் பழகின பிள்ளைக்குத்தான் எது சரி, எது சரியில்லைன்னு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா ஒப்பிட என்ன இருக்கு?

சரி, அந்தச் சனிக்கிழமை உங்க பிள்ளை என்ன செஞ்சுது? எங்க வீட்டுப் பிள்ளைங்க ரெண்டும் அறைக்குள்ள டேப்லட் வெச்சுக்கிட்டு ஆன்லைன் கேம் விளையாடுச்சுங்க. எதிர்ப்பக்கம் விளையாடினது யாரு, எந்த ஊரு, என்ன வயசு? எங்களுக்குத் தெரியாது. முகவரியும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்த வீட்டுக்கு அனுப்பப் பயந்தோம். பேரும் முகமும் தெரியாத ஆளோட பேச விட்டுட்டு, பிள்ளை பத்திரமா வீட்ல இருக்குன்னு நிம்மதியா டீ குடிச்சோம்.

ரெண்டாவது காரணம்: "நேரம் இல்லை, டியூஷன் இருக்கு."

யுபிஎஸ்ஆர் சோதனையை 2021ல அரசாங்கமே எடுத்துட்டாங்க. பிடி3யும் 2022ல போயிடுச்சு. சோதனை போச்சு, டியூஷன் மட்டும் போகல. படிப்பு வேணாம்னு நாங்க சொல்லல. ஆனா சின்னத் தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்சிட்டு, ஆயிரம் பேர் படிக்கிற இடைநிலைப்பள்ளிக்கு முதல் படிவம் போறப்போ அந்தப் பிள்ளைக்கு முதல் நாள் தேவைப்படறது கணக்கு இல்லை. யார்கிட்ட போய் உட்காரணும், எப்படிப் பேச்சை ஆரம்பிக்கணும், யார்கிட்ட இருந்து தள்ளி நிக்கணும், இதுதான். பத்து வயசுல கேரம் பலகை முன்னாடி சண்டை போட்டு, அழுது, திரும்ப ராசியாகிப் பழகின பிள்ளைக்கு இது வரும். பழகாத பிள்ளை, யார் முதல்ல "வா மச்சான்"னு தோள்ல கை போடறாங்களோ அவங்க பின்னாடி போயிடும். நம்ம பையன்களுக்கு முதல்ல தோள்ல கை போடறது யாருன்னு இந்த நாட்டுல நமக்கு நல்லாத் தெரியும். அது நடந்த பிறகு கோயிலுக்கு வந்து "சாமி, என் பையனைக் காப்பாத்து"ன்னு அழற தாய்மாரை நாங்க பார்த்திருக்கோம்.

மூணாவது காரணத்தை யாரும் நேரா சொல்லல. ரெண்டு பேர் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "அவங்க பிளாட்டுல இருக்காங்க. எப்படிப்பட்ட குடும்பமோ என்னவோ..."

இங்கதான் எங்களுக்கு மனசு வலிக்குது. பந்தியில பக்கத்துல உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிடறோம். பால்குட ஊர்வலத்துல அவங்க தாகத்துக்கு நாம தண்ணி கொடுக்கறோம், நம்ம தாகத்துக்கு அவங்க கொடுக்கறாங்க. கோபுரத்துக்குக் கீழே எல்லாரும் சமம்னு மேடையில பேசறோம். ஆனா காவலாளி நிக்கிற தாமான்ல இருந்து நாலாவது மாடி பிளாட்டுக்கு நம்ம பிள்ளை ஏறிப் போறதுன்னா மட்டும் "பாதுகாப்பு" ஞாபகம் வருது. இதுல பாதி பயம், மீதி அந்தஸ்து. அந்தஸ்துக்குப் பாதுகாப்புன்னு பேர் வெச்சுக்கறோம். பிள்ளைங்க இதைக் கண்டுபிடிக்காதுன்னு நினைக்காதீங்க. மோட்டார் பக்கத்துல நின்ன அந்தப் பையன் கண்டுபிடிச்சிட்டான்.

நாலாவது காரணம் ஒன்னு இருக்கு. அதுக்கு நாங்க கோபப்படல. "நம்ம பிள்ளை அங்க போனா, அந்தப் பிள்ளையை நாமளும் கூப்பிடணும். வீடு இருக்கிற இருப்புல..." ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. துணி மடிக்காமக் கிடக்கும். சோபா கிழிஞ்சிருக்கும். தீபாவளிக்குத் திறந்த இல்லம்னா ஒரு மாசம் முன்னாடியே சாயம் அடிச்சு, புதுத் திரை போட்டு, கேட்டரிங் சொல்லிக் கூப்பிடறோம். சாதாரணச் சனிக்கிழமைக்குக் கூப்பிட நமக்கு வெட்கம். அம்மா, பத்து வயசுப் பிள்ளை உங்க திரையைப் பார்க்க வரல. மைலோ கலக்கி நாலு பிஸ்கட் வெச்சாப் போதும்.

நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துல இருந்தவங்க. விடியறதுக்கு முன்னாடி பால் வெட்டப் போறப்போ, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போனாங்க. பெரிய பிள்ளைங்க லயத்துல எந்த வீட்ல பசிச்சுதோ அந்த வீட்ல சாப்பிட்டாங்க. அதெல்லாம் பொற்காலம்னு நாங்க கதை விடல. வறுமை இருந்தது, குடி இருந்தது, பிள்ளைங்களுக்குக் கெடுதலும் நடந்தது, யாரும் வாய் திறக்கல. அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லல. ஆனா அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கண்ணால பார்த்துக்கிற பழக்கம் ஒன்னு அங்க இருந்தது. தோட்டத்தை விட்டு வந்தப்போ லயத்தோட சேர்த்து அதையும் விட்டுட்டு வந்துட்டோம். மிச்சம் இருந்ததையும் 2020 மார்ச் 18ல வந்த நடமாட்டக் கட்டுப்பாடு மூடிடுச்சு. அப்போ நாலு வயசுல வீட்டுக்குள்ள அடைஞ்ச பிள்ளைங்கதான் இப்போ நம்ம வகுப்புல உட்கார்ந்திருக்கு. அரசாங்கம் கதவைத் திறந்து வருஷக்கணக்காச்சு. நாமதான் இன்னும் திறக்கல.

நாம கும்பிடற சாமியைப் பாருங்க. முருகனுக்கு ஏன் கார்த்திகேயன்னு பேரு? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்ததால. கண்ணன் பிறந்தது ஒரு வீடு, வளர்ந்தது இன்னொரு வீடு, வெண்ணெய் தின்னது ஊரெல்லாம். பக்கத்து வீட்டுக்காரங்க யசோதைகிட்ட வந்து புகார் சொன்னாங்க. புகார் சொல்ல ஆள் இருந்ததாலதான் தன் பிள்ளை வெளியில எப்படி நடந்துக்குதுன்னு அந்தத் தாய்க்குத் தெரிஞ்சது. "பூதனை வந்தாளே"ன்னு கேட்பீங்க. ஆமா, வந்தா. எங்க வந்தா? கண்ணன் இருந்த வீட்டுக்குள்ளயே, பாசமுள்ள பெண் வேஷத்துல வந்தா. வாசலைப் பூட்டினா ஆபத்து நிக்காதுன்னு அந்தக் கதையே சொல்லுது.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்கன்னு சொல்லல. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, தகுந்த கண்காணிப்பு இல்லாம பிள்ளையை விட்டுட்டுப் போறது குற்றம். அனுப்பறதுக்கு ஒரு முறை இருக்கு. நாங்க பேசி முடிவு பண்ணினது இது:

முதல் தடவை நீங்களும் கூடப் போங்க. உட்கார்ந்து தண்ணி குடிங்க. அந்த அம்மா அப்பாவோட பேசுங்க. பிள்ளைங்க விளையாடற நேரம் வீட்ல வேற யார் இருப்பாங்கன்னு கேளுங்க. கேட்கறது மரியாதைக் குறைவு இல்லை. உங்களைக் கேட்டாலும் கோவிச்சுக்காதீங்க.

அறைக் கதவைச் சாத்தாம, கூடத்துல விளையாடட்டும். போனைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க.

உங்க போன் நம்பரைப் பிள்ளை மனப்பாடமாச் சொல்லணும். "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னு எந்தப் பெரியவர் சொன்னாலும், அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்னு பழக்குங்க.

சாப்பாட்டு விஷயத்தைப் பிள்ளையே சொல்லப் பழகட்டும். மலாய்க்கார நண்பன் வீட்டுக்கும் சீன நண்பன் வீட்டுக்கும் போகட்டும். "ஆன்ட்டி, சாயா தாக் மாக்கான் லெம்பு"ன்னு மரியாதையாச் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்லத் தெரிஞ்ச பிள்ளை எங்க போனாலும் தன் பழக்கத்தை விடாது.

சொன்ன நேரத்துக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. வந்ததும் போலீஸ் மாதிரி விசாரிக்காம, சோறு போட்டுக்கிட்டே பேச விடுங்க. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா மூடி மறைக்காதீங்க. தாலியான் காசே 15999க்குக் கூப்பிடுங்க, போலீஸ்ல புகார் செய்யுங்க. செய்தது யாரா இருந்தாலும் சரி, கோயில் ஆளா இருந்தாலும் சரி.

கடைசியா எங்க பக்கத்துத் தப்பு. மண்டபத்துல பிள்ளைங்க ஓடினா "ஷ்ஷ், கோயில்ல விளையாடாதே"ன்னு விரட்டினது நாங்க. வகுப்பு முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் கேட்டைப் பூட்டினதும் நாங்க. தேவாரம் சொல்லிக் கொடுத்தோம், பக்கத்துல உட்கார்ந்த பிள்ளை பேரைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கல. வர்ற ஞாயிறுல இருந்து வகுப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் பின்பக்க மண்டபம் திறந்திருக்கும். கேரம், பல்லாங்குழி, தாயம் இருக்கும். பெற்றோர் கார்ல உட்கார்ந்து போனைப் பார்க்காம உள்ளே வந்து டீ குடிங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்குங்க. ஆனா அதோட நிறுத்திடாதீங்க. மண்டபம் வாசல்தான். போக வேண்டியது வீடுகளுக்கு.

போன சனிக்கிழமை எங்கள்ல ஒருத்தர் தன் மகளைக் கூட்டிக்கிட்டு அந்த நாலாவது மாடிக்குப் போனாங்க. முதல்ல மன்னிப்புக் கேட்டாங்க. அந்தத் தாய் ஒன்னும் சொல்லாம தண்ணி கலக்கப் போயிட்டாங்க. பையன் கொஞ்ச நேரம் கதவு ஓரமாவே நின்னான், அப்புறம் கேரம் பலகையை எடுத்துக்கிட்டு வந்தான். ரெண்டு மணி நேரத்துல மூணு சண்டை. திரும்பி வர்ற வழியில மகள் கேட்டாள்: "அவங்க வீட்டு ரசத்துல பூண்டைத் தட்டிப் போடறாங்க, நல்லா இருக்கு. நம்ம வீட்ல ஏன் போடறதில்ல? அடுத்த வாரம் அவன் நம்ம வீட்டுக்கு வரலாமா?"

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. இன்னும் ஆறு வீடு பாக்கி இருக்கு. எந்த ஆறு வீடுன்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சீட்டுல இருந்த போன் நம்பர் மாறல.

வேலும் மயிலும் துணை.
– கோயில் தொண்டர்கள், ஞாயிறு சமய வகுப்பு