61 நாள் படகு ஓடாது... காசிமேட்டுக்கு எந்தக் கணக்கைச் சொல்லித் தரணும்?

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். இந்த நாட்களுக்காகத் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். மீதிச் செலவுக்கு? சேமிப்பு இருந்தால் சேமிப்பு, இல்லாவிட்டால் கடன்.

சேமிப்பு, கடன், காப்பீடு பற்றி மக்களுக்குச் சொல்லித் தருவதற்கென்றே நாட்டில் பொதுப் பணம் ஒதுக்கப்படுகிறது. அதற்குப் பெயர் நிதிசார் கல்வி. அந்தப் பாடம் காசிமேடு மாதிரியான இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

யார் காசு, யார் நடத்துறாங்க?

ரிசர்வ் வங்கி 2017-ல் நிதிசார் கல்வி மையங்களைச் சோதனை முறையில் 100 ஒன்றியங்களில் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் விரிவாக்கியது. 2024 மார்ச் இறுதியில் இந்த மையங்களின் எண்ணிக்கை 2,421. சராசரியாக மூன்று ஒன்றியங்களுக்கு ஒரு மையம். தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன, வங்கிகள் துணை நிற்கின்றன.

இந்தப் பணிகளுக்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று, டெபாசிட்தாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி. வங்கியில் 10 ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காமல் கிடக்கும் பணம் இந்த நிதிக்குத்தான் போகும். 2024 மார்ச் இறுதியில் இதில் இருந்தது 78,213 கோடி ரூபாய். அப்பா பெயரில் கணக்கு இருந்ததே தெரியாத பிள்ளைகள், நாமினி எழுதாமல் இறந்துபோனவர்கள் என எத்தனையோ குடும்பங்களின் காசு இதில் இருக்கும். உரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வங்கியை அணுகித் திரும்பப் பெறலாம். தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது.

கிராமத்துக்குத் தைத்த சட்டை

சிக்கல் திட்டத்தின் வடிவமைப்பில் இருக்கிறது. மையங்கள் ஒன்றியக் கணக்கில் அமைக்கப்படுகின்றன. சென்னை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியமே கிடையாது. மாதம் ஒரு முகாம், மூன்றாவது வெள்ளிக்கிழமை, வேலை நேரம் முடிந்த பிறகு நடத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சொன்னது கிராமப்புற வங்கிக் கிளைகளுக்கு. ராயபுரம், காசிமேடு கிளைகள் நகரக் கிளைகள்.

சிறப்பு முகாம்களுக்கு ஐந்து பிரிவினர் குறிப்பிடப்பட்டனர்: விவசாயிகள், சிறு தொழில் செய்வோர், பள்ளி மாணவர்கள், சுய உதவிக் குழுக்கள், மூத்த குடிமக்கள். மீனவர் என்று தனிப் பிரிவு இல்லை. மீன் விற்கும் அக்கா சுய உதவிக் குழுவில் இருந்தால் அந்த வழியாக உள்ளே வரலாம், அவ்ளோதான்.

நகரத்துக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடவும் முடியாது. தேசிய நிதிசார் கல்வி மையத்தின் 2019 ஆய்வில், நகர்ப்புறத்தில் அடிப்படை நிதி அறிவு உள்ளவர்கள் 33 சதவீதம்தான். மூன்றில் இரண்டு பேருக்கு இல்லை.

தண்டல்... உண்மையில் எவ்வளவு வட்டி?

"மாசம் மாசம் சம்பளத்துல கொஞ்சம் எடுத்து வைங்க" என்பது வழக்கமான அறிவுரை. ஆனால் விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்த பிறகு பங்கு. ஒரு முறை கை நிறைய வரும், அடுத்த முறை டீசல் காசுகூடத் தேறாது. மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு விடியற்காலை ஏலத்தில் ரொக்கம் தேவை. அந்த நேரத்தில் வங்கி திறந்திருக்காது, தண்டல்காரர் இருப்பார்.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். 10,000 ரூபாய் தண்டல் கேட்டால், 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 100 ரூபாய், 100 நாள் கட்டணும். கேட்டால் "பத்து பர்சன்ட்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டுகிறோம். 100 நாளில் சராசரியாக நம் கையில் இருப்பது வாங்கியதில் பாதிதான். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொரு வகைக் கடனும் உண்டு. ஏலம் விடுபவரிடமோ கமிஷன்காரரிடமோ முன்பணம் வாங்கினால், பிடித்து வரும் மீனை அவர் மூலமாகத்தான் விற்க வேண்டும். இதில் வட்டி என்று தனியாக எதுவும் தெரியாது. விலையிலும் கமிஷனிலும் கரைந்துபோகும்.

இதற்கு மாற்று இருக்கிறதா? இருக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். ஆனால் கடல் மீன்பிடிப்பில் பதிவு பெற்ற படகு சொந்தமாகவோ குத்தகைக்கோ இருக்க வேண்டும். பங்குக்குப் போகிற தொழிலாளிக்கு இந்தக் கதவு திறக்காது. தெருவோரம் மீன் விற்கும் பெண்கள் 'பிஎம் ஸ்வநிதி' திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 2025 மாற்றத்துக்குப் பிறகு முதல் கடன் 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். யாருக்கு எந்தக் கதவு, என்ன காகிதம் என்று சொல்லித் தராத வகுப்பால் இங்கே பெரிய பயன் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு ஆபத்து

பிரதமரின் ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். பிரீமியம் மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். கணக்கில் 456 ரூபாய் இருந்தால் போதும்.

ஆனால் அந்தத் தேதியைக் கவனியுங்கள். தடைக்காலம் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருக்கும். விசைப்படகுத் தொழிலாளியின் கணக்கு ஆண்டிலேயே அதிகம் வற்றிப்போகும் நேரம் அதுதான். பணம் இல்லாவிட்டால் பிரீமியம் பிடிக்கப்படாது, காப்பீடும் தொடராது. ஜூன் 15-ம் தேதி படகு மறுபடி கடலுக்குப் போகும்போது, தலைக்கு மேல் 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பது அந்த 456 ரூபாயில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் "456 ரூபாயைத் தொடாதீங்க" என்று துறைமுகத்தில் ஒருவர் சொன்னால் போதும். பொதுவான முகாமில் இந்தத் தேதிக் கணக்கை யாரும் எதிர்பார்க்க முடியாது.

பாடம் நடத்தினா மாறிடுமா?

நியாயமான சந்தேகம். 201 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, மக்களின் பண நடத்தையில் உள்ள வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வி விளக்குகிறது என்றது. படித்தது நாளாக நாளாக மறந்துபோகும் என்பதும் அதன் முடிவு. முடிவெடுக்கும் நேரத்துக்கு ஒட்டிச் சொல்லித் தர வேண்டும் என்று அது யோசனை சொன்னது. ஆனால் 76 பரிசோதனைகளைத் தொகுத்த 2022 ஆய்வு, நிதிக் கல்வியால் அறிவும் நடத்தையும் மேம்படுகின்றன என்று காட்டியது. ஆகவே வகுப்பே வீண் என்று ஒதுக்க முடியாது. எப்போது, யாருக்கு, எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கல்வியால் மட்டும் எல்லாம் முடியாது என்பதற்கு ஆருத்ரா வழக்கே சாட்சி. மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்று சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் குற்றம்சாட்டினர். டெபாசிட்தாரர்களைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. சட்டம் வேலையைத் தொடங்குவது பெரும்பாலும் பணம் போன பிறகுதான். முன்கூட்டியே தடுக்க வேண்டிய பொறுப்பைப் பொதுமக்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது.

கையிலேயே ஒரு வழி இருக்கு

நல்ல முன்மாதிரி மீன்வளத் துறையிலேயே இருக்கிறது. மீனவப் பெண்கள் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் சேமித்தால், அரசு 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகிறது. ஆண்களுக்கும் இதேபோன்ற திட்டம் உண்டு. வரும்போது கொஞ்சம் எடுத்துவை, வராத நாளில் எடுத்துக்கோ. கடல் தொழிலுக்கு ஏற்ற பாடம் இது. பலகையில் எழுதிப் போடாமல் பாஸ்புக்கில் எழுதிக் காட்டுகிறது.

இந்தச் சேமிப்பு வசூலாகும் இடத்திலேயே தண்டல் கணக்கு, நாமினி, மே மாத பிரீமியம் மூன்றையும் சொல்லித் தரலாம். புதிய கட்டடம் தேவையில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன.

இப்போதைக்கு நினைவில் வைக்க வேண்டியவை:

* சீட்டு சேரும் முன், அது பதிவு பெற்றதா என்று சீட்டுப் பதிவாளரிடம் கேளுங்கள்.
* டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சச்செட்' தளத்தில் பார்க்கலாம், புகாரும் தரலாம்.
* ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.
* வங்கி மீது புகார் பற்றிய விவரங்களுக்கு ரிசர்வ் வங்கியின் 14448.
* கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.

தடைக்காலம் எப்போது வரும் என்பது அரசுக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும், காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். தேதி முன்கூட்டியே தெரிந்த ஒரு பணநெருக்கடிக்கு, பாடத்தையும் முன்கூட்டியே கொண்டுவருவது கஷ்டமான காரியம் இல்லை. அடுத்த ஏப்ரல் 15-க்கு முன்னால் அது நடக்கிறதா என்று பார்க்கணும்.