பில்லில் ஏறாத ஐந்து நிமிடம்

பி.காம். படிக்கிறவன் மருந்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். எதுவும் இல்லைதான். ஆனால் போன வருடம் இரண்டே மாதத்தில் பாட்டியை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது முறை சேர்த்ததற்குக் காரணம், ஒரு மாத்திரையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று யாரும் சொல்லாததுதான். அந்தக் கோபத்தில், பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் பெரியம்மா மகளிடம் மருந்தியல் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். (காஸ்ட் அக்கவுண்டிங்கை இப்படிப் படித்திருந்தால் அரியர் விழுந்திருக்காது.)

பாட்டிக்கு இதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு வாங்கும். அதற்கு லாசிக்ஸ் கொடுத்தார்கள். அதில் இருக்கும் மருந்து ஃபுரோசமைடு. சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு என்று ஒரு பகுதி. அங்கே உப்பு மறுபடி ரத்தத்துக்குள் போகாமல் இது தடுத்துவிடும். உப்பு வெளியேறினால் தண்ணீரும் கூடவே வெளியேறும். மாத்திரையாகப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்து ஆறு மணி நேரம் போல நீடிக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் "இரண்டு வேளை" என்று இருந்தது. மெடிக்கல் ஷாப் பையன் கவரில் காலை, இரவு என்று டிக் அடித்துக் கொடுத்தான். நம் ஊரில் இரண்டு வேளை என்றால் வேறென்ன? பாட்டி ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டு, விடியும் வரை நாலைந்து தடவை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனார். ஒரு நாள் வழுக்கி விழப் பார்த்தார். அதற்கப்புறம் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையே நிறுத்திவிட்டார். பத்து நாளில் கால் வீங்கி, மறுபடி ஆஸ்பத்திரி.

அக்காவின் புத்தகத்தில் இது இரண்டே வரி. காலையில் ஒன்று, இரண்டாவது வேளை இருந்தால் மதியம், தூக்கம் கெடாமல் இருக்க. இரண்டாவது முறை வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர் டாக்டரிடம் கேட்டு அதைத்தான் சொன்னார். "பாட்டி, காலைல எட்டு மணிக்கு ஒண்ணு, மதியம் ரெண்டு மணிக்கு ஒண்ணு. ராத்திரி வேணாம். எங்க, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்." பாட்டி சிலேட்டுப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். தினமும் காலையில் எழுந்து ஒன்னுக்குப் போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பார்க்கச் சொன்னார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கால் வீங்கும் வரை காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்றார். வீட்டில் என்ன குடிப்பீர்கள் என்றும் கேட்டார். "நீர் மாத்திரை சத்தை எடுத்துடும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லி, பாட்டி தினம் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

மாமி சொன்னதில் பாதி சரி. ஃபுரோசமைடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும், இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் பாட்டிக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு. அது பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். அதோடு தினம் இளநீரும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இரண்டுமே நம் வாயில் "நீர் மாத்திரை"தான், குணமோ நேர் எதிர். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மற்ற மருந்துகளிலும் இதே கதைதான். என் ரூம்மேட்டுக்கு ஆஸ்துமா. இரண்டு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். சால்பியூட்டமால் சில நிமிடத்தில் மூச்சைத் திறந்துவிடும், அதனால் அதை மட்டும் நம்புகிறான். பியூடெசொனைடு தினம் இழுத்தால்தான் மூச்சுக்குழாய் வீக்கம் மெல்ல அடங்கும். "போட்டா ஒண்ணுமே தெரியலடா" என்று அதைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். இழுத்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சை வரும் என்பதும் அவனுக்குத் தெரியாது. பான்டோபிரசோலைச் சாப்பிட்ட பிறகு போடுகிறவர்கள் எத்தனை பேர்! காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் அதற்கு முழு பலன்.

இனி என் சப்ஜெக்ட். முதல் முறை வந்த பில்லை எடுத்துப் பார்த்தேன். படுக்கை, கையுறை, பஞ்சு எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. நர்சிங் சார்ஜ் கூட உண்டு. மருந்தை விளக்கிச் சொல்வதற்கு வரி இல்லை. கணக்கில் வராத வேலைக்கு ஆள் ஒதுக்க மாட்டார்கள். அதனால் சிஸ்டர்களை நான் குறை சொல்லவில்லை; அன்று வார்டில் அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். இது டாக்டர் வேலை என்கிறார் அப்பா. இருக்கட்டும், ஆனால் மாத்திரையைக் கையில் கொடுப்பவரும், பாட்டி எத்தனை தடவை எழுந்தார் என்று பார்ப்பவரும் சிஸ்டர்தானே?

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். பாட்டி திரும்பி வந்தது எங்களுக்குச் செலவு, ஆஸ்பத்திரிக்கு வரவு. அமெரிக்காவில் 2012 அக்டோபரிலிருந்து, இதயச் செயலிழப்பு போன்ற நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்ப வந்தால், மெடிகேர் அந்த மருத்துவமனைக்குத் தரும் பணத்தைக் குறைக்கிறது. அதன் மேலும் விமர்சனங்கள் உண்டு, அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே ஒரு வரி போதும்: யார் விளக்கினார், நோயாளி திருப்பிச் சொன்னாரா, கையெழுத்து. அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்து ஆள் கணக்குப் போடட்டும். அதற்குக் கட்டணம் என்றாலும் பில்லில் எழுதட்டும், கட்டிவிட்டுப் போகிறோம்.

வீட்டில் இப்போது எடை மெஷின் வாங்கியாயிற்று. பாட்டி பழைய பால் கணக்கு நோட்டில் தினம் எடையை எழுதுகிறார். இன்று காலை 51.2. நேற்றும் அதேதான்.