திறவுகோலை யாரிடம் ஒப்படைக்கிறோம்?



வாசற்கதவு, பீரோ, நகைப்பெட்டி மூன்றையும் ஒரே சாவி திறக்கும் என்றால் அந்தப் பூட்டு விற்றவரை நாம் வீட்டுப் பக்கமே சேர்க்கமாட்டோம். ஆனால் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பாஸ்போர்ட் விண்ணப்பம், பிள்ளையின் கல்லூரிக் கணக்கு, ரயில் முன்பதிவு ஆகிய அனைத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறோம். அதுவும் எத்தகைய கடவுச்சொல்? மூத்த மகனின் பெயரும் பின்னால் 786-உம். அந்த எண்ணை எழுதலாமா, கூடாதா என்ற மார்க்க விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். முஸ்லிம் பெயருள்ள ஒருவரின் கணக்கைத் திறக்க முனையும் திருடனுக்கு அதைவிட எளிதாக ஊகிக்கத்தக்க எண் வேறு உண்டா?

2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றில் மற்றெதையும்விட அதிகமாகக் காணப்பட்டது 123456. இவ்வாறு ஓரிடத்தில் களவு போகும் கடவுச்சொல்லைத் திருடர்கள் அங்கேயே விட்டுவிடுவதில்லை. அதே மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து மற்ற தளங்களிலும் கணினியைக் கொண்டே வரிசையாக முயன்று பார்க்கிறார்கள். ஏதோ ஒரு துணிக்கடைத் தளத்தில் நாம் அலட்சியமாக உருவாக்கிய கணக்கு, நம் மின்னஞ்சலைத் திறக்கும் சாவியாகிவிடுவது இப்படித்தான்.

இதைச் சொன்னால், "நம்மிடம் என்ன ரகசியம் இருக்கிறது ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். நம்முடையது ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நம் அலைபேசிக்குள் இருப்பது நம்முடையது மட்டும்தானா? வளைகுடாவில் இருக்கும் மைத்துனரின் விசா நகல், தங்கையின் மருத்துவ அறிக்கை, பெண் பார்க்க வந்தவர்கள் அனுப்பிய படங்கள், நிர்வாகத்தில் இருப்பவர் என்றால் ஸகாத் கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களின் பெயர்ப்பட்டியல். கையேந்திய ஒரு விதவையின் பெயர் தெருவுக்கு வந்துவிட்டால், அவரிடம் போய் "எமக்கு ரகசியம் இல்லை" என்று சொல்வோமா? இவை அமானிதங்கள். அமானிதத்தைக் காப்பதில் காட்டும் அலட்சியத்தை எளிமை என்று அழைப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

"அல்லாஹ் பாதுகாப்பான்" என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களும் உண்டு. பாதுகாப்பான், ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை மக்தப் பிள்ளைகளே அறிவார்கள்.

ஐம்பது கணக்குகளுக்கு ஐம்பது வெவ்வேறு கடவுச்சொற்களை எந்த மனிதரும் நினைவில் வைக்க இயலாது. அதற்காகவே கடவுச்சொல் மேலாண்மைச் செயலிகள் உள்ளன. அவை ஒவ்வொரு கணக்குக்கும் நீண்ட, பொருளற்ற கடவுச்சொல்லை உருவாக்கிப் பூட்டிய பெட்டகத்தில் வைக்கின்றன. நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றையே. இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியின் பெயரில் போலித் தளம் ஒன்றின் இணைப்பு குறுஞ்செய்தியில் வந்தால் நம் கண் ஏமாறும். செயலியோ, பதிவு செய்யப்பட்ட முகவரி பொருந்தாவிட்டால் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது.

அப்படியானால் எதைத் தேர்வது? விளம்பரத்தில் முதலில் வருவதையா, மருமகன் சொன்னதையா? ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில், பாதுகாக்கக் கொடுக்கப்படும் பொருள்களைப் பேசும் வதீஆ பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. முத்திரையிட்ட பையை ஒருவரிடம் ஒப்படைத்தால், அவர் பையைக் காக்கலாம். முத்திரையை உடைத்தாரானால் வரம்பு மீறியவராகி அப்பொருளுக்கு ஈடு தரும் பொறுப்பு அவர்மீது வந்துவிடும். இந்தச் செயலிகளுக்கும் இதையே அளவுகோலாகக் கொள்வோம். நம் பெட்டகம் நம் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட வேண்டும். நிறுவனத்தின் கைக்குச் செல்வது முத்திரையிட்ட பை மட்டுமே. நிறுவனமே விரும்பினாலும் திறக்க இயலாத அமைப்பு வேண்டும்.

லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022-இல் நேர்ந்ததை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நுழைந்தவர்கள் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களையே அள்ளிச் சென்றனர். உள்ளிருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு உள்ளது என்ற முகவரிகள் மறையாக்கமின்றிக் கிடந்தன. பையின் பாதி முத்திரையிடப்படாமல் இருந்தது என்றே சொல்ல வேண்டும். முதன்மைக் கடவுச்சொல் எளியதாக வைத்திருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். நகல் கையில் இருப்பதால் திருடன் அவசரமின்றி எத்தனை முறையும் ஊகித்துப் பார்க்கலாம். இதே நிறுவனம் 2021 மார்ச் மாதம் இலவசப் பயனாளர்களை, கணினியா அலைபேசியா, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி கட்டுப்படுத்தியதையும் மறக்கலாகாது.

நம் வீடுகளில் வாப்பாவிடம் ஆண்ட்ராய்டு, மகளிடம் ஐபோன், மகனிடம் விண்டோஸ் மடிக்கணினி இருக்கும். ஆப்பிளின் சொந்தச் செயலி நல்லதுதான், ஆனால் ஆண்ட்ராய்டுக்கு அது இல்லை. கூகுள் குரோமில் சேமிப்பது ஒன்றுமில்லாததைவிட மேல். எனினும் அனைத்துமே ஒரு ஜிமெயில் கணக்கில் தொங்கும். அந்தக் கணக்கு கைவிட்டுப் போனால் யாவும் போயின. கடவுச்சொல்லே இடாத வீட்டுக் கணினியில் வந்து அமர்பவர் யாரும் அதைப் பயன்படுத்தவும் முடியும்.

நாம் பரிந்துரைப்பது பிட்வார்டன். அதன் மூலநிரல் திறந்தது, எவரும் பரிசோதிக்கலாம். எண்ணிக்கை வரம்பின்றி எல்லாக் கருவிகளிலும் இலவசமாகவே இயங்குகிறது. உள்ளவற்றை வெளியே எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லவும் தடையில்லை. ஒன்பாஸ்வேர்டும் தரமானதே, கட்டணம் செலுத்த இயல்வோர் பயன்படுத்தலாம். எந்த நிறுவனத்தையும் நம்ப மனமில்லாதவர்களுக்கு 2003 முதல் இருந்துவரும் கீபாஸ் உள்ளது. பெட்டகம் முழுவதும் நம் கையிலுள்ள ஒரே கோப்பு. ஆனால் கருவிகளுக்கிடையே அதை ஒத்திசைப்பதும் நகலெடுத்து வைப்பதும் நம் வேலை. பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அதைத் தொடாதிருப்பது நலம்.

முதன்மைக் கடவுச்சொல்லாக ஓதும் சூராவின் முதல் வசனத்தை வைக்கலாமே என்பார் சிலர். உலகமே மனனம் செய்திருப்பதை மறைபொருளாக வைப்பது எப்படி? தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் விரல் வைத்துத் தேர்ந்து வரிசையாக அமைத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. செயலி வந்ததும் மனைவியின் கணக்குகள் முழுவதையும் தம் பெட்டகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் கணவர்கள் சிலர் இதை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துகிறார்கள். துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. கணவனுக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. அவரவர்க்கு அவரவர் பெட்டகம் இருக்கட்டும். மின்கட்டணம், எரிவாயு, பள்ளிக் கட்டணம் போன்ற பொதுக் கணக்குகளைப் பகிர்வதற்குத் தனி ஏற்பாடு செயலியிலேயே உண்டு. பிட்வார்டனின் இலவசக் கணக்கில் இருவர் பகிரலாம்.

மௌத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதே நாம் பேசத் தயங்கும் பகுதி. கடனும் கொடுக்கல் வாங்கலும் உள்ளவர் வஸிய்யத் எழுதாமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளது. இன்று அந்தக் கணக்குகள் யாவும் அலைபேசியில் இருக்கின்றன. குடும்பத் தலைவர் திடீரென இறந்துபோனால், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று வாரிசுகள் தேடி அலைய நேரும். பாகப்பிரிவினைக்கு முன் கடனை அடைப்பது கடமை. கடன் இருப்பதே தெரியாவிட்டால் எப்படி அடைப்பார்கள்?

பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் அவசர அணுகல் என்ற வசதி உண்டு. நம்பிக்கைக்குரிய ஒருவரை முன்னரே நியமிக்கலாம். அவர் அணுகல் கேட்டபின் நாம் குறித்த நாள்களுக்குள் மறுக்காவிட்டால் பெட்டகம் அவருக்குத் திறக்கும். கட்டணம் வேண்டாம் என்றால், முதன்மைக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, பத்திரங்களோடு பீரோவில் வைத்து, அது இருக்கும் இடத்தை மட்டும் மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லிவையுங்கள். அந்த உறையில் அலைபேசியின் திரைப்பூட்டு எண்ணும் இருக்கட்டும். அது இல்லாமல் வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணைக்கூட அவர்களால் பார்க்க முடியாது.