சாவி யார் கையில்?

“மூலநிரல் திறந்து கிடக்கிறது, இதுவே ஜனநாயகம்” என்று சிலர் முழங்குகிறார்கள். கதவு திறந்திருந்தால் போதுமா? சாவி யார் கையில் என்று நாம் கேட்கிறோம்.

கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைகளே மூலநிரல். கடிதமும் கணக்கும் எழுத உதவும் ஓப்பன் ஆபீஸின் மூலநிரலை, 2000-ல் சன் கம்பெனி எல்லோருக்கும் திறந்துவிட்டது. கம்பெனி ஊழியர்களோடு, கூலி கேளாத தொண்டர்களும் பல நாடுகளிலிருந்து உழைத்தார்கள். ஆனால் பெயர் கம்பெனியுடையது. கடைசி வார்த்தையும் கம்பெனியுடையதே! 2010-ல் ஆரக்கிள் சன்னை விலைக்கு வாங்கியது. ஆலை கைமாறுவதுபோல் எல்லாம் கைமாறிற்று. தொண்டர்களை யார் கேட்டார்கள்?

அவர்கள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்று பெயரிட்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் பழைய கவுன்சிலை விட்டு விலக வேண்டும் என்றது ஆரக்கிள் தரப்பு. விலகினார்கள், வேலை நிற்கவில்லை. 2011-ல் ஆரக்கிளே ஓப்பன் ஆபீஸைக் கைகழுவி அப்பாச்சி அமைப்பிடம் கொடுத்தது.

புதிய அமைப்பின் விதி என்ன? உழைப்பைத் தந்தவர் உறுப்பினராகலாம். நிர்வாகக் குழுவை உறுப்பினர் வாக்கே தேர்ந்தெடுக்கும். ஒரே கம்பெனியின் ஆட்கள் குழுவை நிரப்ப முடியாது.

திறந்த மூலநிரல் வெளியேற வழி தந்தது. ஆளும் உரிமையை அமைப்புதான் தந்தது. ஆகவே, “இது எல்லோருக்கும் சொந்தம்” என்று எவர் சொன்னாலும் கேளுங்கள், தோழர்களே: பெயர் யாருடையது? விதி எழுதுவது யார்? வாக்கு யாருக்கு?