ஆலை வாசலில் க்ஷயப் பரிசோதனை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை செல்லும் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு இந்த நகரம் யாருடைய உழைப்பால் வாழ்கிறது என்பது விளங்கும். காசிமேட்டில் மீன் கூடை இறக்குகிறவர்கள், துறைமுகத்துக்காக வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறுகிறவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் பலராகப் படுத்தெழும் ஒப்பந்தக் கூலிகள் ஆகிய இவர்களைக் குறித்தே இன்று எழுதுகிறோம். க்ஷயரோகத்தை 2025-ம் வருஷத்துக்குள் நாட்டைவிட்டு ஒழித்து விடுவதாக 2018-ல் டில்லியில் பிரகடனம் செய்யப்பட்டது. வருஷம் கடந்துவிட்டது, ரோகம் போகவில்லை.

க்ஷயம் பூர்வஜன்ம பாபமன்று, பரம்பரைச் சொத்துமன்று. அதற்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24-ந் தேதி பெர்லினில் உலகுக்கு அறிவித்தார். சுவாசப்பையில் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் அது காற்றில் கலக்கிறது. அவர் உண்ட தட்டிலும் உடுத்த துணியிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கிருமி உட்புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளியாவதே இல்லை. அது உடலுக்குள் உறங்கிக் கிடக்கும். அரை வயிற்று உணவும், நீரிழிவும், புகையிலையும், வார்ப்படச்சாலையின் மணல் தூசியும் அதனைத் தட்டி எழுப்புகின்றன. நிலக்கரித் தூசியை எதிர்த்து ராயபுரத்தார் கோர்ட்டுக்குப் போய், 2011-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரி வெளியேறிற்று. அது எண்ணூராரின் தலைமேல் போய் இறங்கியது வேறு விஷயம்.

இருமல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமே, தொழிற்சாலையில் எதற்குப் பரிசோதனை என்று கேட்பவர்கள் உண்டு. 2019 முதல் 2021 வரை இந்திய சர்க்கார் நடத்திய க்ஷயக் கணக்கெடுப்பே அவர்களுக்குப் பதில். அதில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 42 பேருக்கு மேல், எக்ஸ்ரே எடுக்காதிருந்தால் அகப்பட்டிருக்கவே மாட்டார்கள். அறிகுறி தெரிந்தவர்களிலும் 100-க்கு 63 பேருக்கு மேல் வைத்தியரை நாடவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்? இன்றோ கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே யந்திரம் இருக்கிறது. சளியில் கிருமியின் மரபணுவைக் கண்டு, முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லும் சோதனையும் இருக்கிறது.

சரியான சோதனை இல்லாத காலத்தில் நேர்ந்ததற்கு நமது துறைமுகமே ஒரு சாட்சி. 1912-ல் அங்கே குமாஸ்தாவாக அமர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், பின்னர் சீமையில் க்ஷயரோகி என்று கருதப்பட்டு ஒரு சானடோரியத்திலிருந்து மற்றொன்றுக்கு அலைக்கப்பட்டார். 1920-ல் காலமானார். அவருக்கு இருந்தது க்ஷயமல்ல, ஈரலைப் பற்றிய வேறு நோய் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் அபிப்பிராயம்.

ஆயினும் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் தொழிலாளி அஞ்சுகிறான். அந்த அச்சம் அறியாமையன்று. சோதனையில் தேறாதவனை மறுநாள் வாசலிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரம் மேஸ்திரியின் கையில் இருக்கும் வரை, இருமலை மறைப்பதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனம். அப்படி மறைக்கும் மாதங்களில் பக்கத்தில் நின்று வேலை செய்பவனுக்கும், வீட்டிலுள்ள குழந்தைக்கும் கிருமி போய்ச் சேர்கிறது.

"மற்றவர்களைக் காப்பாற்றவே அவனை நீக்குகிறோம்" என்று முதலாளிமார் சொல்லக்கூடும். இந்த வாதத்துக்குச் சென்னையிலேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட க்ஷய சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நமது ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களோடு கூட வசித்தவர்களுக்கு அதனால் அபாயம் அதிகரிக்கவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். மருந்துக்குக் கட்டுப்படும் க்ஷயமானால், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் சக்தி பெரும்பாலும் அடங்குகிறது. ஆறு மாதத்தில் குணமாகிறது. ஆகவே, ஓய்வுக்குப் பின் வைத்தியர் அனுமதித்த ஒருவனுக்கு வேலை மறுப்பது சுகாதாரமல்ல, சுத்த அநியாயம்.

ஓய்வு நாட்களுக்குக் கூலி எங்கே என்பது அடுத்த கேள்வி. இ.எஸ்.ஐ. திட்டத்தில் க்ஷயம் நீண்டகால வியாதிகளின் பட்டியலில் உள்ளது. சராசரிக் கூலியில் 100-க்கு 80 வீதம் உதவித்தொகை உண்டு. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையிலிருந்து சந்தாவும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளில் எத்தனை பேர் இந்த நிபந்தனையைத் தாண்டுவார்கள்? சர்க்கார் போஷணைக்காகத் தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருப்பது நல்லதே. அது முட்டைக்கும் பருப்புக்கும் ஆகும். வீட்டு வாடகைக்கு ஆகாது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கீழ் 40 வயது கடந்தவர்களுக்கு வருஷாந்தர இலவசப் பரிசோதனை என்கிறார்கள். க்ஷயம் வயதுச் சான்று கேட்டு வருவதில்லை. இருபது வயதில் ரயிலேறி வந்த பையன் இன்னும் இருபது வருஷம் காத்திருப்பதா?

1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றை நிறுவிய பிரதேசம் இது. போனஸுக்கு வாதாடும் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தத்தில் இதையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தக் கூலி என்ற பேதமின்றி, ஷிப்டு நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், வருஷத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முடிவு வைத்தியருக்கும் தொழிலாளிக்கும் மட்டுமே தெரிய வேண்டும். சிகிச்சைக் காலம் முழுவதும் வேலை நீக்கம் கூடாது. இ.எஸ்.ஐ. கிடைக்காதவனுக்குப் பிரதான முதலாளியே கூலி கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி ஷரத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் எக்ஸ்ரே வண்டியை மட்டும் ஆலை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், அதில் ஏற வேண்டியவர்கள் அன்று லீவு போட்டுவிடுவார்கள்.