கதவைத் தட்டிய வாத்தியார்

ஒவ்வோர் ஆண்டும் மே 16 நெருங்கினால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பரிசு வாங்க வேண்டும் என்று நச்சரிப்பார்கள். நாமும் ஒரு பேனாவோ கைக்குட்டையோ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம். அந்தத் தேதி ஏன் ஆசிரியர் தினமானது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1956 மே 16-ல்தான் மலாயாக் கூட்டரசுச் சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன், 1951-ல் வந்த பார்ன்ஸ் அறிக்கை, தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் போய் எல்லாமே மலாயும் ஆங்கிலமும் சொல்லித்தரும் தேசியப் பள்ளிகளாக வேண்டும் என்றது. ரசாக் அறிக்கை தொடக்கப்பள்ளியில் தமிழுக்கு இடம் விட்டது. இடைநிலைப்பள்ளியில் விடவில்லை. ஆக, ஆறு வருடம்தான். அந்த ஆறு வருடத்தில் தமிழ் வாத்தியார் நம் பிள்ளைக்குள் எதைப் போட்டு அனுப்புகிறாரோ அதுதான் மிச்சம்.

எனக்கு வாய்த்த வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மேடையில் மாலை போட்டாலே கூச்சப்படுகிற மனிதர் அவர்.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக "அவரால் நான் டாக்டரானேன், வக்கீலானேன்" என்று முடிப்பார்கள். நான் ஒன்றும் ஆகவில்லை. புகுமுக வகுப்பில் ஒரு வருடம், பிறகு மூன்றாம் படிவம் வரை, அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் லோரி. ஆனாலும் அந்த மனிதர் இன்னும் என்னை விடவில்லை.

1973-ல் நான் தோட்டப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஒரு நீள அறை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காகப் பள்ளி வைத்த பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே பாடம் நடத்தினார்கள். எங்களுக்கு வந்தவர் முறையாகப் பயிற்சி பெற்றவர். பழைய ஹொண்டா கப் ஒன்று வைத்திருந்தார். அந்தச் சத்தம் லயத்தில் கேட்டால், மட்டம் போட்ட பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் இருப்பார்கள்!

ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வாசலில் நிற்பார். என் அக்கா அப்படித்தான் நின்றுபோக இருந்தாள். "தம்பியப் பாத்துக்க ஆள் இல்ல சார், நாங்க ரெண்டு பேரும் பிரட்டுக்குப் போயிடுறோம்" என்றார் அம்மா. வாத்தியார் திட்டவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. நேரே ஆயாக்கொட்டகைக்குப் போனார். தம்பிக்கு அங்கே இடம் பேசிவிட்டுத் திரும்பி வந்து, "நாளைக்குப் பாப்பாவ அனுப்பும்மா" என்றார். அவ்வளவுதான். அக்கா பிறகு தாதியானாள்.

அதைவிடப் பெரிய காரியம் அப்பாவுடையது. அப்பா இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் பிறந்ததற்குக் காகிதம் இல்லை, கையில் சிவப்பு அடையாள அட்டை. 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யவே பெர்மிட் வேண்டும் என்றானபோது எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பல் ஏறின என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாத்தியார்தான் பாரங்களை நிரப்பினார். பிறந்ததற்குச் சாட்சி தேடி, அப்பா பிறந்த தோட்டத்துக்கே மோட்டார் எடுத்துக்கொண்டு போனார். குடியுரிமை நேர்முகத்தில் மலாய் பேச வேண்டுமே! இரவில் அதே பள்ளியில், மண்ணெண்ணெய் விளக்கில், பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மலாய் படித்தார்கள். நீல அட்டை வந்த அன்று அப்பா அதைச் சாமி படத்தின் முன் வைத்தார்.

இதில் எதுவும் அவர் சம்பளத்தில் சேர்ந்த வேலை இல்லை.

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2000-ஆம் ஆண்டுகளில் 523 ஆனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா போய் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. நாம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறினோம். இன்றைய ஆசிரியர் பள்ளியிலிருந்து வெகு தூரத்தில் ஏதோ ஒரு தாமானில் இருக்கிறார். உங்கள் வீடு எந்தப் புளோக்கில் என்று அவருக்குத் தெரியாது. கணினியில் விவரம் நிரப்பவே நேரம் போதவில்லை என்கிறார்கள், நம்புகிறேன். "அந்தக் காலத்து வாத்தியார் மாதிரி இப்போ யார் இருக்கா?" என்று நாம் காப்பிக்கடையில் பேசுகிறோமே, அது பாதி நியாயம்தான். அன்று அவர் நம் நடுவில் குடியிருந்தார். இன்று நம் நடுவில் குடியிருப்பது நாம்தான். பக்கத்து வீட்டுக் கதவை யார் தட்டுவது?

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் மாடியில் 11 வயதுப் பையன் ஒருவன் பள்ளி நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். ஒரு வருடம் அவனைத் தாண்டிப் போனேன். ஒருநாள் ஏனோ அந்த ஹொண்டா கப் ஞாபகம் வந்தது. போய்த் தட்டினேன். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணப் பதிவு இல்லை. அப்பா இந்நாட்டுக் குடிமகன், தாய்க்கோ பத்திரம் இல்லை. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி பதிவில்லாத திருமணம் கணக்கில் வராது. பிள்ளை தாயின் நிலையைத்தான் பின்பற்றும். அப்பா இருந்தும் பையனுக்கு நாடு இல்லை! மனு போட்டிருக்கிறோம். சீக்கிரம் முடிகிற காரியமில்லை. அதுவரை, இரவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழும் கணக்கும் படிக்கிறான்.

"அங்கிள், நீங்க வாத்தியாரா?" என்று அவன் தாய் கேட்டார். லோரி ஓட்டினவன் என்றேன்.

இன்று இரவே அலமாரியைத் திறந்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுங்கள். குடியுரிமைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 12 வயது நிறைந்த பிள்ளை என்றால் அடையாள அட்டைக்குப் பதிந்தாயிற்றா என்றும் பாருங்கள். பார்த்து முடித்ததும் பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.