பார்லிமெண்டைக் காட்டினால் போதுமா?

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பியப் பார்லிமெண்டின் சபா மண்டபம் இருக்கிறது. சபை கூடாத நாட்கள் சிலவற்றில் அங்கத்தினர்களின் ஆசனங்களில் பள்ளி மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள். பதினாறு முதல் பதினெட்டு வயதுள்ள பிள்ளைகள். பல தேசத்தவர், பல மொழி பேசுகிறவர்கள். கமிட்டிகளாகப் பிரிந்து விவாதிக்கிறார்கள். தீர்மானம் கொண்டு வருகிறார்கள். முடிவில் வோட்டும் போடுகிறார்கள். இந்த ஒரு நாள் ஏற்பாட்டுக்கு 'யூரோஸ்கோலா' என்று பெயர்.

இதை நாம் கேலி செய்யவில்லை. இரண்டு உலக யுத்தங்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த தேசங்களின் பேரப்பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாதம் செய்வது நல்ல காரியம். 27 தேசங்கள், 24 ஆட்சி மொழிகள், 720 அங்கத்தினர்கள் கொண்ட ஓர் அமைப்பு எப்படி நடக்கிறது என்று பதினாறு வயதில் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆஸ்திரியா 2007-லேயே பதினாறு வயதினருக்கு வோட்டுரிமை அளித்தது. 2018-ல் மால்டா அளித்தது. 2024 ஐரோப்பியத் தேர்தலில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் பதினாறு வயதினர் வோட்டுப் போட்டார்கள். வோட்டைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஆனால் எந்த விஷயத்தைச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வீட்டுக்காரரே வீட்டைச் சுற்றிக் காட்டினால் கூடத்தைக் காட்டுவார். அடுப்படிப் பக்கம் அழைத்துப் போக மாட்டார்.

முதல் விஷயம்: இந்தப் பார்லிமெண்டின் அங்கத்தினர் யாரும் தாமாக ஒரு மசோதாவைக் கொண்டுவர முடியாது. மசோதா கொண்டுவரும் அதிகாரம் அநேகமாக முழுவதும் கமிஷனிடம் இருக்கிறது. கமிஷன் அங்கத்தினர்களை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை திருத்தலாம், ஏற்கலாம், நிராகரிக்கலாம். தொடங்கி வைக்க முடியாது. ஜனங்களே நேராகச் சொன்ன தீர்ப்புகளுக்கு என்ன கதி? 2005-ல் ஐரோப்பிய அரசியல் சட்டத்தை வேண்டாமென்று பிரெஞ்சு மக்களும் டச்சு மக்களும் வோட்டளித்தார்கள். அதில் இருந்தவற்றில் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தம் என்ற பெயரில் 2009-ல் அமலுக்கு வந்தது. கடன்காரர்களின் நிபந்தனையை 2015 ஜூலையில் கிரேக்க மக்களில் நூற்றுக்கு 61 பேர் நிராகரித்தார்கள். பத்து நாள் கழிவதற்குள் அவர்களது சர்க்காரே தலை வணங்கிற்று. மாணவன் அந்த மண்டபத்தில் பொத்தானை அழுத்துகிறபோது இதுவும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பிரஸ்ஸல்ஸில் இந்தப் பார்லிமெண்டின் கட்டிடம் ஒன்றுக்கு அல்டியேரோ ஸ்பினெல்லி என்று பெயர். முசோலினி சிறையில் அடைத்த கம்யூனிஸ்ட் அவர். கருத்து வேற்றுமையால் 1937-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் 1979-ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பட்டியலில் சுயேச்சையாக நின்று இந்தச் சபைக்கு வந்தார். வென்டொடெனே தீவில் காவலில் இருந்தபோது, 1941-ல், தோழர்களுடன் சேர்ந்து ஐக்கிய ஐரோப்பாவுக்காக ஓர் அறிக்கை எழுதினார். அந்த ஐரோப்பா உழைக்கும் வர்க்கத்தை விடுவிக்கும் சோஷலிஸ ஐரோப்பாவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பெயர்ப் பலகை இருக்கிறது. அந்த எண்ணம் எங்கே போயிற்று?

பாடம் நடத்த நாம் ஓர் உதாரணம் தருகிறோம். அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியதுதான். ஸ்வீடனில் வாக்ஸ்ஹோம் என்ற ஊரில் 2004-ல் ஒரு பள்ளிக் கட்டிடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. கான்ட்ராக்ட் எடுத்தது ஒரு லாத்வியக் கம்பெனி. லாத்வியாவிலிருந்தே ஆட்களைக் கொண்டுவந்து, ஸ்வீடன் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்கியது. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று கட்டிடத் தொழிலாளர் சங்கம் கேட்டது. கம்பெனி மறுத்தது. சங்கம் வேலைத்தலத்தை மறியல் செய்தது. மின்சாரத் தொழிலாளர்களும் அனுதாபமாக வேலையை நிறுத்தினார்கள். வெளியூர்த் தொழிலாளியைக் குறைந்த கூலிக்கு இறக்கி உள்ளூர்த் தொழிலாளியோடு மோத விடுகிற கான்ட்ராக்டரை நமது மில் தொழிலாளர்களுக்குத் தெரியாதா என்ன!

வழக்கு லக்ஸம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பியக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2007 டிசம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. வேலை நிறுத்த உரிமை அடிப்படை உரிமைதான் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, எல்லை தாண்டித் தொழில் செய்யும் கம்பெனியின் சுதந்திரத்தை இந்த மறியல் மீறுகிறது என்றும் சொல்லிவிட்டது! 2009-ல் ஸ்வீடன் தொழிலாளர் கோர்ட்டு சங்கங்களை நஷ்ட ஈடு கட்டச் சொன்னது.

கதை அதோடு நிற்கவில்லை. தொழிற்சங்கங்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடியதன் பேரில் 2018-ல் அதே பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்திற்று. வேறு தேசத்திலிருந்து அனுப்பப்படும் தொழிலாளிக்கு, வேலை செய்யும் இடத்தின் குறைந்தபட்சக் கூலி மட்டுமல்ல, அங்கே சட்டமும் பொது ஒப்பந்தமும் வகுத்த ஊதியம் முழுவதும் தர வேண்டும் என்று விதி வந்தது. சபைக்கு உள்ள சக்தி, அதன் வரம்பு, வெளியே நிற்கும் தொழிலாளியின் சக்தி ஆகிய மூன்றும் இந்த ஒரு வழக்கில் இருக்கின்றன. லாத்விய மாணவனும் ஸ்வீடன் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பேசட்டும். யார் அப்பன் யார் அப்பனுடைய கூலியைக் கெடுத்தான் என்று தொடங்கினாலும் பாதகமில்லை. பேசப் பேசக் கம்பெனியிடம் வந்து சேருவார்கள்.

இன்னொன்று தண்ணீர். ஏழு தேசங்களிலாவது ஆதரவு திரட்டி, மொத்தம் பத்து லட்சம் கையெழுத்து சேர்த்தால் கமிஷன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு 2012-ல் வந்தது. முதலில் அதில் வெற்றி கண்டவர்கள் பொதுப்பணித் தொழிலாளர் சங்கத்தார். தண்ணீர் மனித உரிமை, அதைத் தனியாருக்கு விற்காதே என்று கேட்டார்கள். பதினெட்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வந்தது. தனியார் ஒப்பந்தங்களைப் பற்றிய சட்டத்திலிருந்து தண்ணீர் 2013-ல் விலக்கப்பட்டது. தேசங்கள் விரும்பினால் பதினாறு வயதினரும் இத்தகைய மனுக்களில் கையெழுத்திட 2020 முதல் வழி இருக்கிறது. பிரஜையின் கடமையைப் படமும் கொடியும் காட்டிக் கற்பிப்பதைவிட, ஒரு மனுவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கச் சொல்லிக் கற்பிப்பது மேல்.

ஐரோப்பியப் பிள்ளைகளின் பாடம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருப்பூரில் தைத்த பனியன் ஐரோப்பியக் கடைகளில் தொங்குகிறது. தமக்குச் சரக்கு செய்து தரும் வெளிநாட்டு ஆலைகளில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று பெரிய கம்பெனிகள் கண்காணிக்க வேண்டும் என 2024-ல் அந்தப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. கம்பெனிகள் கூச்சல் போட்டன. 2025 ஏப்ரலில் அதே பார்லிமெண்டு அமலாக்கத்தை ஓராண்டு தள்ளி வைத்தது. இங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தச் சபையில் வோட்டில்லை. வோட்டுள்ள பதினாறு வயது மாணவன் போட்டிருக்கும் சட்டை அவள் தைத்ததாக இருக்கலாம்.

ஆகவே நாம் ஒரு யோசனை சொல்கிறோம். நமது பஞ்சாலைச் சங்கங்களும் பின்னலாடைச் சங்கங்களும் ஐரோப்பிய ஆசிரியர் சங்கங்களுக்குக் கடிதம் எழுதட்டும். ஒரு நாள் வேலை எத்தனை மணி, ஓவர்டைம் எவ்வளவு, கைக்கு வரும் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கணக்காக எழுதட்டும். ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு அதை முந்தின நாள் வகுப்பில் படித்துக் காட்டலாம்.